கோட்டைத் தாண்டாத வண்டிகள்

ஜூன் 11, புதன்

இல்லை, எண்ணியதில் பிழை இல்லை. மேலப்பாளையம் சந்தை முக்கில், சாலையின் குறுக்கே கோடு போட்டு, நானே நின்று எண்ணினேன். காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியவை 1,440 வண்டிகள். மாலை ஐந்தரையிலிருந்து 880.

எங்கள் போக்குவரத்து ஆய்வு நிறுவன மேலாளர் பாலசுப்பிரமணியன் சார் பார்த்துவிட்டு, "சாயங்காலம் கொறஞ்சுல்லாம்மா போகுது. பெறவு எதுக்கு இணைப்புச் சாலை?" என்றார். 'புது இணைப்புச் சாலை தேவையில்லை' என்று நெடுஞ்சாலைத் துறைக்கு அறிக்கை போயிற்று. கீழே என் கையெழுத்து.

ஜூன் 12

ஏதோ உறுத்துகிறது.

ஜூன் 16

மாலை ஆட்டோவில் வந்தேன். அதே முக்கு. இருபது நிமிடம் நகரவில்லை. ஓட்டுநர் யாசருக்கு என் முகம் நினைவிருந்தது.

"எக்கா, அன்னைக்கு கோட்டத் தாண்டுன வண்டியத்தான எண்ணுனிய? தாண்ட முடியாம கெடந்த எங்கள எந்த நோட்டுல எழுதுனிய?"

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

வேகத்தையும், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிகளின் அடர்த்தியையும் பெருக்கினால் ஓட்டம், அதாவது ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டுபவை. முதல் பருவப் பாடம். சாலை காலியாகக் கிடந்தாலும் ஓட்டம் குறையும், அடைத்துக்கொண்டாலும் குறையும். எதுவென்று அடர்த்திதான் சொல்லும். நான் அதை எடுக்கவே இல்லை. எம்.இ. படித்தவள். சே.

ஜூன் 19

முக்கில் ஆபிதா பீவி வீட்டு மொட்டைமாடியைக் கேட்டு வாங்கினேன். கீழே இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே நூறு மீட்டர். நிமிடத்துக்கு ஒரு படம். காலையில் சராசரி ஆறு வண்டிகள். மாலையில் இருபத்திரண்டு. வேகம், காலை இருபத்துநான்கு கிலோமீட்டர், மாலை நான்கு. நடப்பவர்கள் முந்துகிறார்கள்.

"நடக்கவங்க பொயிருவாவ. எங்க வீட்டுக்காரவுகள எப்படி நடத்திக் கூட்டிட்டுப் போவ?" என்றார் ஆபிதா பீவி. கணவருக்கு வாரம் இரண்டு நாள், மாலையில், ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். "புது ரோடு வந்துருமாம்மா?"

யாரிடம் கேட்கிறார். வேண்டாமென்று எழுதியவளிடம்.

ஜூன் 23

சாரிடம் படங்களைக் காட்டினேன்.

"அறிக்கை போயாச்சு. இப்ப திருத்துனா நம்ம தப்புன்னு ஆயிரும்லா."

"தப்புதான் சார்."

"எப்சி, நீ வேல பாக்க வந்தியா, பாவமன்னிப்பு கேக்க வந்தியா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நல்ல கிண்டல்தான்.

ஜூன் 24

வேலையை விட்டால் என்ன செய்ய? மறுபடி கோச்சிங் சென்டரா? தெரியல. ஒண்ணுமே தெரியல.

ஜூன் 27

அறிக்கையைத் திருத்தக் கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு மூன்றாவது மின்னஞ்சல். பதில் இல்லை.

ஜூன் 30, திங்கள்

கலெக்டர் அலுவலகம், குறைதீர்க்கும் கூட்டம். மனுவின் முதல் வரி: 'சந்தை முக்கு அறிக்கையில் மாலை நெரிசலைத் தவறாகக் கணித்தவள் நான்.' மாலைப் படங்கள் அறுபதையும் இணைத்தேன். வாங்கியவர் புரட்டிப் பார்த்து, "யாரும்மா எதிர்மனுதாரர்?" என்றார். என் பெயரையே சொன்னேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை வைத்தார்.

ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகம் போய் மேசையைக் காலி செய்தேன்.