இருபத்து நான்கு மெத்தைகள்

ஆம்பூர்,
5.2.2025

மதிப்பிற்குரிய பில்கிஸ் மேடம்,

முன்பின் தெரியாத நான் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எங்களுக்கு வந்த மெத்தை வரைபடத்தின் மூலையில் உங்கள் பெயரும் முகவரியும் இருந்தன.

உங்கள் புது ரோலர் கோஸ்டரில் மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பிக்கு எங்கள் ஷூ ஃபேக்டரியில்தான் மெத்தை தைக்கப் போகிறோம். நான் தையலைச் சரிபார்ப்பவள். படித்தது மெக்கானிக்கல், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வரைபடம் பார்க்கும் வேலைக்கு ஆசைப்பட்டேன், பார்ப்பது நூலை.

மாதிரி மெத்தை ஒன்றை வைத்துக்கொண்டு முழு ரயிலையும் ஊகித்துப் பார்த்தேன். ஆர்டர் இருபத்து நான்கு மெத்தை என்றால் ஆறு பெட்டி, பெட்டிக்கு நான்கு பேர். தோளுக்கு மெத்தை இல்லை, அதனால் தலைகீழாகச் சுற்றாது. மடிக்கு இத்தனை தடிமன் என்றால் மேடுகள் நிறைய; ஒவ்வொன்றிலும் உடம்பு இருக்கையை விட்டு எழும். சரியா மேடம்? எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறீர்கள்!

ஒரே பயம். எழும்பும் தொடை முட்டுகிற இடத்திலேயே தையல் ஓடுகிறது. ஷூவில் கால் மடங்கும் இடத்தில் நாங்கள் தையல் வைப்பதில்லை, உரசிப் புண்ணாக்கும். சூப்பர்வைசர் சின்னசாமி சாரிடம் சொன்னேன். "நூலு பிரியுதான்னு மட்டும் பாரும்மா. கம்பெனிக்காரனுக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார்.

இருபதாம் தேதி தைக்கத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
மேகலா

சென்னை,
12.2.2025

அன்புள்ள மேகலா,

பெட்டிக் கணக்கு சரி, மேடுகளும் சரி. தலைகீழ் மட்டும் தப்பு, ஒருமுறை சுற்றும். உச்சியில் வேகமே உடம்பை இருக்கையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

தையலைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டோம். நான்கு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட வரைபடம், ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதிரியில் நூலும் பிரியவில்லை என்று உங்கள் சாரிடம் சொல்லுங்கள்!

மார்ச் எட்டாம் தேதி சோதனை ஓட்டம். முதலில் காலி ரயில், பிறகு மணல் மூட்டைகள், கடைசியில் நாங்கள். முதல் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

பிரியமுடன்,
பில்கிஸ்

ஆம்பூர்,
17.2.2025

அன்புள்ள பில்கிஸ் மேடம்,

புது வரைபடம் வந்துவிட்டது. "இன்னாம்மா, நீ சொன்ன எடத்துலயே மாத்திட்டானுங்க! அங்க யாராவது தோஸ்த்தா உனக்கு?" என்றார் சின்னசாமி சார். நூலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

வேகமே பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். வாளியில் தண்ணீர் எடுத்து வாசலில் மேலும் கீழுமாகச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "கொழாய்ல தண்ணி வர்றதே கம்மி, அத வெச்சு வெளையாட்டா?" என்று அம்மா வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் அவளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

முதல் வரிசையில் இடம் என்றதற்கு நன்றி மேடம். ஆனால் எனக்கு ஏற வேண்டாம். அன்று கீழே வேகத்தையும் அதிர்வையும் அளவு எடுப்பவர்களோடு நான் நிற்கலாமா? சொன்ன வேலையைச் செய்வேன். உபயோகமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தோன்றினால், மறுநாளும் வரலாமா?

மேகலா