தலைவருக்கும் வரிசை உண்டு

வெள்ளிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. கோபம்தான் வருகிறது.

எங்கள் லண்டன் கோயில் அன்னதானத்தில் வரிசையை மீறி முண்டியடிப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை என்று நிர்வாகத் தலைவர் போன கிழமை அறிவித்தல் ஒட்டினார். நிர்வாகக் கூட்டத்தில் நான் மறுத்தேன். தண்டனைக்குப் பயந்தவன் தப்பத்தான் வழி தேடுவான், மேலே இருப்பவர் ஒழுங்காக நடந்தால் மற்றவர்களுக்குத் தானாகவே வெட்கம் வரும் என்று பழைய சீனத்துக் கன்பூசியர்கள் நம்பியதைச் சொன்னேன். மாலை வகுப்பில் படித்தது. "சீனாக்காரன்ர கதை எங்களுக்கு என்னத்துக்கு, பிள்ளை?" என்று சிரித்தார்.

இன்று அவரே குடும்பத்துடன் நேராக முன்னுக்கு வந்து தட்டை நீட்டினார். சாம்பார் அகப்பை என் கையில்.

"அண்ணை, கடைசியில போய் நில்லுங்கோ."

"நான் தலைவர்."

"அதாலதான் சொல்லுறன்."

அவர் அசையவில்லை. அவருடைய மனைவி தட்டுடன் கடைசிக்குப் போனார். இடையில் புகுந்திருந்த நாலைந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு அந்த அம்மாவின் பின்னால் போனார்கள். அறிவித்தலால் ஒருநாளும் நடக்காதது.

நான் வீடு திரும்பிய பஸ் ஸ்ட்ரெதம் பகுதியைத் தாண்டுவதற்குள் தலைவரின் போன். "மன்னிப்புக் கேளும். இல்லாட்டி நிர்வாகத்தில இருந்து விலகும்."

கேட்க மாட்டேன். விலகவும் மாட்டேன். அரசனின் பிழையை முகத்துக்கு நேரே சொல்பவர்தான் நல்ல மந்திரி என்பதும் அந்தச் சீனாக்காரர்களின் கதைதான்.

அடுத்த வெள்ளியும் அகப்பை என் கையில்தான் இருக்கும்.