போட்டபடியே பிரித்துத் தைக்கும் சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கொள் என்றால் கேட்கவா போகிறாய்.

இங்கே ஆய்வகத்தில் நான் வளர்க்கும் பாக்டீரியாவுக்கும் உன் தொழில்தான். உடம்பு வளரும்போது அது தன்னைச் சுற்றியுள்ள செல் சுவரைக் கழற்றுவதில்லை. போட்டிருக்கும் சட்டையிலேயே தையலைப் பிரித்துப் புதுத் துணி சேர்ப்பதுபோல் அங்கங்கே வெட்டி இணைக்கிறது. பழைய துண்டுகள் சுற்றியுள்ள தண்ணீரில் உதிர்கின்றன.

போன வாரம் சீனியர் அக்கா, "அந்தத் தண்ணி வேஸ்ட்தான், கொட்டிடு" என்றார். "எங்கம்மா வெட்டுத்துணியக்கூடத் தூக்கிப் போட மாட்டாங்கக்கா" என்று எடுத்து வைத்தேன். சோதித்துப் பார்த்தால், தீனி தீர்ந்ததும் பாக்டீரியா அந்தத் துண்டுகளையே பொறுக்கி உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறது. பேராசிரியர், "இத நீயே முடி" என்றுவிட்டார். அதனால் இந்த விடுமுறைக்கு வரவில்லை. கோபப்படாதே.

எனக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்பு. அளவுச் சட்டையைவிட இரண்டு விரல் பிடித்துத் தை. ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். ஆய்வகத்தைப் பூட்ட வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

உள்ளே மட்டும் துணி தாராளமாக விடு. வந்து உன் கையால் நாலு நாள் சாப்பிட்டால் பிரித்துவிட வேண்டியிருக்கும்.

உன் மகள்