பனி வண்டி கேம்: நிறையும் குறையும்

மார்ச் 3, செவ்வாய்

காலை பத்துக்கே வெயில் தாங்கவில்லை. ஃபேன் மூணில். மெஸ் சாப்பாடு வந்தது, ரசம் மறந்துட்டாங்க.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்திரண்டாம் நாள். இடது கால், முழங்காலுக்குக் கீழே ரெண்டு முறிவு, பிளேட். ரோட்டில் அடிபட்டிருந்தால் சொல்லிக்கவாவது செய்யலாம். லோடு மேலே நின்னு தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்தேன். இருபத்தேழு வருஷமா லாரி ஓட்டுறேன், விழுந்தது நின்ற வண்டியிலிருந்து.

டிரிப் டைரி எழுதிப் பழகின கை. டிரிப் இல்லாவிட்டாலும் எழுதச் சொல்லுது.

ஞாயிற்றுக்கிழமை நிவேதா வந்து போனாள். திருச்செங்கோட்டில் காலேஜ், ஹாஸ்டல். ஒரு மணி நேரம் இருந்தாள். கையில் ஒரு கறுப்புப் பெட்டி, வயர், ரெண்டு கைப்பிடி. தோழியோடதாம். டிவியில் மாட்டி ஒரு கேம் போட்டுக் காட்டினாள். பனியில் வண்டி ஓட்டும் ரேஸ்.

"படிப்புக்கு வேணும்ப்பா. கேமே விளையாடாத ஒருத்தர் விளையாடிப் பாத்துட்டு நல்லது எது, கெட்டது எதுன்னு சொல்லோணும். நான் அத எழுதிக் குடுக்கோணும்."

"அதுக்கு நான்தான் கெடச்சனா?"

"வேற யாரு சும்மா இருக்காங்க?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். அடுத்த ஞாயிறு வந்து பெட்டியை எடுத்துக்குவாளாம்.

இன்னைக்கு: மாத்திரை 2. கால் மடக்குவது 20 தடவை. கேம் இன்னும் தொடவில்லை.

மார்ச் 4, புதன்

தொட்டேன்.

வண்டி எப்படின்னா: சக்கரம் கிடையாது. முன்னாடி ரெண்டு சறுக்குக் கட்டை. பின்னாடி டிராக்டர் பெல்ட் மாதிரி ஒரு பட்டை சுத்துது, அதுதான் தள்ளுது. ஹேண்டில் பைக் மாதிரி. நி. (நிவேதாதான்) இதுக்கு ஸ்னோமொபைல்னு பேர் சொன்னாள். க்ளட்ச் இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை. இப்போதைக்கு எனக்கு ஏத்த வண்டி.

முதல் ரேஸ்: எட்டில் எட்டாவது. ரெண்டாவது: எட்டு. மூணாவது: எட்டு. நாலாவது: ஆறு! தனியா உட்கார்ந்து "ஆங்" என்று கத்திவிட்டேன். கேக்க யாருமில்லை.

நிறை:
1. இன்ஜின் சத்தம் நல்லா இருக்கு. ஏத்தத்தில் திணறும்போது தனியாத் தெரியுது. செஞ்சவன் வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்.
2. பட்டன் மூணே மூணுதான். இங்கிலீஷ் தெரியணும்னு அவசியமில்லை.
3. மேட்டிலிருந்து தாவும்போது வயிறு கூசுது. நிஜமாவே.

குறை:
1. பிரேக் எதுக்கு வெச்சிருக்காங்கன்னு தெரியவில்லை. இருபது ரேஸில் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. பிரேக் வேண்டாத ரோடு எங்கே இருக்கு?
2. எவ்வளவு முந்திப் போனாலும் கடைசி வளைவில் பின்னாடி வந்தவன் எப்படியோ ஒட்டிக்கிறான். அவனை இழுத்துக் கொண்டாந்து விடுறாங்க. நாம ஓட்டினதுக்கு என்ன மதிப்பு.
3. எழுத்து பொடிசு.

ஃபோன் பண்ணிச் சொல்லலாம்னு எடுத்தேன். கிளாஸில் இருப்பாள். வெச்சுட்டேன்.

மார்ச் 5, வியாழன்

புதுச்சத்திரம் பைபாஸில் வண்டிகள் போற சத்தம் காலை முழுக்க. சத்தத்திலேயே பன்னெண்டு சக்கரமா பதினாலான்னு சொல்லிடுவேன். யார்கிட்ட சொல்ல?

மெஸ்காரர் டிவியைப் பார்த்துட்டு நின்னார். "என்னுங்க டிரைவர், ஊட்டுக்குள்ளயே காஷ்மீரா?"

"பாருங்க, எவ்ளோ குளிர்ச்சி."

"மூணு டிகிரி கொறஞ்ச மாதிரிதான் இருக்குது" என்றார். டிபனை வைத்துவிட்டுப் போனார். இன்னைக்கு நான் பேசின பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்.

இன்னும் குறை:
4. ஆறு ரோடுதான். ரெண்டு நாளில் மனப்பாடம்.
5. ரோட்டில் ஆளே இல்லை. டீக்கடை இல்லை. பஞ்சர் கடை இல்லை. மரம், பாறை, பனி. கூட ஓட்டுறவங்களுக்கு முகம் கிடையாது, ஹெல்மெட்தான். முந்திட்டுப் போறப்ப ஒருத்தன்கூடக் கை காட்டமாட்டான்.
6. பனி சறுக்கவே மாட்டேங்குது. கேமில் பனி, வெள்ளை மண். நிஜப் பனி அப்படி இல்லை. மேலே பஞ்சு, அடியில் கண்ணாடி. ஸ்டீயரிங் ஒரு பக்கம் திருப்பினா வண்டி நேராப் போகும். நான் ஆப்பிள் லோடுக்கு பதினோரு தடவை காஷ்மீர் போனவன், எனக்குத் தெரியும்.

தேவி ஞாபகம். பரமத்தி வேலூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், ரெண்டு வருஷமாச்சு. சண்டை ஒண்ணும் கிடையாது. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கிட்டே, "நீங்க ஊட்ல இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்குது" என்றாள். அடுத்த வாரம் கிளம்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வந்தாள். ரெண்டு சாத்துக்குடி உரிச்சுக் கொடுத்தாள், கையைக் கழுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மார்ச் 6, வெள்ளி

நாலாவது ரோட்டில் ஒரு வளைவு. இடது பக்கம் பள்ளம். தடுப்பு இல்லை. வேகமாப் போனா வண்டி அப்படியே வெளியே போயிடுது. விழுறதைக் காட்டுறதில்லை. திரை ஒரு நொடி வெள்ளை. அடுத்த நொடி வண்டி ரோட்டு நடுவில், ஆள் அதே மாதிரி உட்கார்ந்து, இன்ஜின் ஓடிக்கிட்டு.

வேணும்னே விழுந்து பார்த்தேன். எத்தனை தடவைன்னு எண்ணவில்லை. மதியம் முழுக்க அதே வளைவு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நொடியில் மேலே கொண்டாந்து வெச்சிடுறாங்க.

இதை நிறையில் எழுதுறதா குறையில் எழுதுறதா?

தங்கராசு. ஆறு வருஷம். வேண்டாம், எழுத வேண்டாம்.

கால் மடக்கல் செய்யவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நி. பதினோரு மணிக்கு வந்தாள். கோழி வாங்கி வந்து அவளே வறுத்தாள். உப்பு கம்மி. நல்லா இருக்குன்னேன்.

லிஸ்டைப் படிச்சுச் சிரிச்சாள். "டீக்கடை இல்லைன்னு ஒரு கம்ப்ளெய்ன்டா!" ஆனா ஒண்ணு விடாமல் லேப்டாப்பில் ஏத்திக்கிட்டாள்.

"ரெண்டு பேர் வெளையாடற மாதிரி இருக்குப்பா, அதையும் பாத்தர்லாம்."

படம் குறுக்கே ரெண்டாச்சு. மேலே நான், கீழே அவள். (குறை 7: ரெண்டு பேர் ஆடினா படம் திக்குது.) அவளுக்கு ரோடு தெரியாது. "நீங்க முன்னாடி போங்கப்பா, நான் உங்க தடத்துலயே வாரேன்" என்றாள்.

நாலாவது ரோடு. அந்த வளைவை நான் தாண்டிட்டேன். கீழ்ப் படத்தில் அவள் வண்டி வெளியே போச்சு. வெள்ளை.

கைப்பிடி கையிலிருந்து விழுந்தது தெரியவில்லை. "ஒண்ணுமில்லப்பா, வந்துட்டேன் பாருங்க, ரோட்லதான் நிக்கறேன்" என்று அவள் சொல்றது மட்டும் கேட்டது. கீழே கிடந்த கைப்பிடியை எடுத்து வெச்சாள். டிவியை நிறுத்தினாள்.

"என்னாச்சுங்ப்பா?"

சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாததை.

தங்கராசு ராசிபுரத்துக்காரன். ஒரே ஓனர், ரெண்டு வண்டி, ஒண்ணாவே போவோம். ஆறு வருஷம் முன்னாடி கார்த்திகை. ஆப்பிள் ஏத்திக்கிட்டு இறங்குறோம். மலை ரோட்டில் காலையில் பனி பிடிச்சுது. ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நின்னுச்சு. "நாளைக்குப் போலாம் மாமா" என்றான் தங்கராசு. நான் கேக்கவில்லை. "மெதுவா உருட்டலாம், வா" என்று வண்டியை எடுத்தேன். என் டயர் தடத்திலேயே வந்தான். நான் ஒரு வளைவைத் தாண்டினேன். கண்ணாடியில் அவன் லைட் ரெண்டும் தெரிஞ்சுது. அப்புறம் தெரியவில்லை.

நி. லேப்டாப்பை மூடி வெச்சாள். அப்புறம், "அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேக்கல."

"நீங்க வாயே தொறக்கலீன்னா என்னன்னு கேப்பாங்க?"

அப்புறம் விரல் விட்டு என்னமோ எண்ணினாள். முகம் மாறிச்சு.

"ஆறு வருஷம் முன்னாடி கார்த்திகைன்னா... நான் வயசுக்கு வந்ததுக்குச் சீர் செஞ்சது."

முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டேன்.

"அதுக்குத்தான் அவசரமா வந்தீங்களா?"

"நீ என்ன பண்ணுவ சாமி. அப்படி நெனைக்காத."

"சீருக்கு நீங்க வரலீன்னு அம்மாவும் நானும் ஒரு மாசம் உங்ககூடப் பேசல."

"தெரியும்."

போலீஸ், ஆஸ்பத்திரி, அவன் உடம்பை ஊருக்குக் கொண்டாந்து அடக்கம் பண்றது எல்லாம் முடிஞ்சு, சீர் முடிஞ்ச மூணாம் நாள் நான் வீடு வந்தது. கூட வந்த வண்டி விபத்து, அதனால லேட் என்று மட்டும் சொன்னேன். யார் வண்டியை எடுத்தது, எதுக்கு எடுத்தது என்று சொன்னா புள்ளை காலம் பூராச் சுமக்கும்னு நெனச்சேன். இன்னைக்கு அவளே கணக்குப் போட்டுட்டாள்.

நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வயரைச் சுத்தி, பெட்டியைப் பையில் வெச்சாள். வாசலில் செருப்பு மாட்டிக்கிட்டு நின்னவள் திரும்பி உள்ளே வந்து என் தோளைப் பிடிச்சாள். போயிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

டிவிக்குக் கீழே பெட்டி இருந்த இடத்தில் தூசி இல்லாமல் ஒரு சதுரம். துடைக்கவில்லை.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

மாத்திரை 2. மடக்கல் 20. நி. மெசேஜ் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

மெசேஜ் இல்லை.

மார்ச் 11, புதன்

காலை டாக்டர். எக்ஸ்ரே பார்த்து, எலும்பு சேருது, ஸ்டிக் வெச்சு நடக்கலாம் என்றார். லாரி எப்போன்னு கேட்டேன். "க்ளட்ச் மிதிக்கறதையெல்லாம் இப்ப நெனைக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்." பாக்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

மதியம் மூணு மணி. ஃபோன். தேவி. ரெண்டு வருஷத்தில் அவளாக் கூப்பிடுறது இதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, கால் எப்படி இருக்குது?"

"பரவால்ல."

"புள்ள எல்லாஞ் சொல்லுச்சு."

பின்னாடி அவங்க வீட்டு மாடு கத்துறது கேட்டுது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கலாம்."

"நான் உங்களக் கல்லுன்னு நெனச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "தங்கராசு சம்சாரத்துகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. அவன அடக்கம் பண்ணுன அன்னிக்குப் போனதுதான். அப்புறம் போகல."

"ஆறு வருஷமாவா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போங்க. எங்களுக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைக்குத்தானுங்க சொல்லியிருக்கோணும்."

வெச்சுட்டாள். திரும்பி வர்றேன்னும் சொல்லவில்லை, வரமாட்டேன்னும் சொல்லவில்லை. நானும் கேக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நி. மெசேஜ், காலை 7.10: "ரிப்போர்ட் குடுத்துட்டேன். மேடம் டீக்கடை பாயின்ட்டைப் படிச்சுட்டு இது யாருன்னு கேட்டாங்க. எங்கப்பான்னேன்."

நாலு தடவை படிச்சேன். "சரி சாமி" என்று அனுப்பினேன். வேற என்ன அனுப்புறதுன்னு தெரியவில்லை.

நாளைக்கு: சட்டை இஸ்திரி. ஸ்டிக். பழம் ஏதாவது. ஆப்பிள் வேண்டாம்.

மார்ச் 14, சனி

ராசிபுரம் போய் வந்தேன். பஸ்ஸில் ஏற கண்டக்டர் கை கொடுத்தார்.

தங்கராசு வீடு அதேதான், முன்பக்கம் ஷீட் போட்டிருக்கு. உள்ளே தையல் மெஷின் சத்தம். அவன் சம்சாரம் மலர்க்கொடி எட்டிப் பார்த்தாள். தலையில் நரை வந்திருக்கு. யாருன்னு தெரியாமல் ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் மெஷினை நிறுத்திட்டு எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணா. காலுக்கு என்ன?"

"விழுந்துட்டேம்மா."

சேர் போட்டாள். தண்ணி கொண்டாந்தாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சு வெச்சிருந்தேன், ஒண்ணும் வரவில்லை. நேராச் சொல்லிட்டேன்.

"அன்னிக்கு அவன் நாளைக்குப் போலாம்னு சொன்னான். நான்தான் கேக்காமக் கெளப்புனேன். எம் புள்ளைக்குச் சீர் இருந்துச்சு. நான் எடுத்ததாலதான் அவன் எடுத்தான்."

அவள் அழவில்லை. தைச்சுக்கிட்டிருந்த துணியை மடியில் வெச்சு மடிச்சாள், பிரிச்சாள்.

"தெரியுமுங்கண்ணா."

"தெரியுமா?"

"கெளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் போட்டாரு. மாமாவுக்குப் புள்ள சீரு, தனியா உட முடியாது, பின்னாலயே போறேன்னாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவரு யாரு பேச்சக் கேட்டாரு."

ஆறு வருஷம் நான் யாருக்கும் தெரியாதுன்னு வெச்சிருந்தது இவளுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு.

"நீங்க கெளப்புனதுக்கு எனக்குக் கோவமில்லீங்க" என்றாள். "கோவம் எதுக்குன்னா, கடைசியா அவரப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க வருவீங்க, சொல்லுவீங்கன்னு ஒரு வருஷம் வாசலையே பாத்துட்டு இருந்தேன். வரவே இல்லீங்களே."

தலை நிமிர முடியவில்லை.

வெளியே டவுன் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. என் பஸ் அது. அவளும் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. மொதல்ல இருந்து. அன்னிக்குக் காலைல என்ன சாப்ட்டாரு?"

ரொட்டி, மூணு. உருளைக்கிழங்கு. டீயில் சர்க்கரை பத்தலைன்னு கிளாஸை நீட்டித் திரும்பக் கேட்டான். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு இந்தி வராது. நாக்கை நீட்டிக் காட்டினான். கடையே சிரிச்சுது. சொன்னேன்.