ஹீட்டர் கூண்டும் இரண்டாவது அடியும்

ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் பி.வி.சி. குழாயில் குத்தும்போது வருகிற நாற்றம் இருக்கிறதே மச்சான், அது தொண்டைக்குள் இறங்கினால் சோறு தின்னும்போதும் கூடவே வரும். இன்று காலை நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் குந்திக்கொண்டு இருபது ஓட்டை போட்டேன். உன் மீனுக்குத்தான். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மேல் போட்டிருந்த பழைய கூண்டை அந்தப் பிசாசு முட்டி முட்டியே வெடிக்க வைத்துவிட்டது. உக்குவளையில் ஒரு வாரமாக விடாத மழை. ஹீட்டர் இல்லாமல் விட்டால் குளிரில் செத்துப் போகும். சாகட்டும் என்று விடவும் மனம் வரவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி என்னை நம்பி ஒப்படைத்த மீன்.

இந்த நாற்றம் வந்தால் நாம் சேர்ந்து அந்தப் பழைய கூண்டைச் செய்த நாள் வரும். அந்த நாள் வந்தால் உன்னிடம் சொல்லாமல் விட்டதும் வரும். நான் உன்னை உலக்கையால் இரண்டு அடி அடித்தேன். உயிரைக் காப்பாற்றிய அடி என்று நீ ஊரெல்லாம் சொன்னது முதலாவதை. இரண்டாவதை நீ அறியமாட்டாய் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீயும் உன் மீனும் ஒரே ரகம். பலாபத்வல ஓட்டோ ஸ்டாண்டில் நீ சட்டையைப் பிடிக்காத ஆள் இல்லை. அது பிளவர்ஹோர்ன் மீன், நெற்றியில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி ஒரு புடைப்பு. 'முதலாளி' என்று பேர் வைத்தாய். தொட்டிக்கு வெளியே விரலைக் காட்டினாலே பாய்ந்து வந்து முட்டும். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடும் என்று பயந்து, கோழிக்கூட்டுக் கம்பிவலையை வெட்டி அதைச் சுற்றிக் கட்டினாய்.

"தண்ணிக்குள்ள கம்பி போடாத டா, கரண்ட் சாமான்" என்றேன்.

"இவனுக்கு இரும்புதான் தாங்கும். நீ பைப் விக்கிறவன், எல்லாத்துக்கும் பைப்தான் சொல்லுவ" என்றாய்.

மழைக்கு மழை ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் போகிறது என்று, அதையும் தாண்டி நேரே வயர் கொடுத்து வைத்திருந்தாய். உங்கள் வரிசையில் பாதி வீட்டில் அப்படித்தான். அதைக் கேட்டு நானும் சிரித்தவன்தான்.

என் தொட்டி ஒழுகுகிறது என்று என் ஏஞ்சல் மீன் சோடியை உன்னிடம் விட்டிருந்தேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, பயப்படாதே என்றாய். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் தடுப்பு சாய்ந்து கிடக்கிறது. ஒன்று பாதி உடம்போடு மிதக்கிறது, குடல் பின்னால் நூலாக இழுபடுகிறது. மற்றதை என் கண்ணெதிரே முதலாளி மூலையில் வைத்து நசுக்கி, வயிற்றைக் கவ்விப் பிய்த்தான். தண்ணீரெல்லாம் செதில். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"என்னத்துக்கு டா சிரிக்கிற? நாலு வருஷமா வளத்த மீன் டா."

"மீனு மீனத் தின்னுச்சு. அதுக்கு நீ ஏன்டா அழுவுற?"

உன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். நீ தொட்டியில் போய் மோதினாய். தண்ணீர் அலம்பித் தரையெல்லாம் கொட்டியது. திரும்பி வந்து என்னை அறைந்தாய். உன் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கையை விரித்து அறைந்தாய். உதடு கிழிந்து வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. "தங்கச்சி, இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். முதலாளி கம்பிவலையோடு சேர்த்து ஹீட்டரை மோதி உடைத்துவிட்டான். நீ வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்று, பிளக்கைக் கழற்றாமல் கையை உள்ளே விட்டாய். நீ கத்தவில்லை. பல் கிட்டித்து, தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல். விரல்கள் கம்பிவலையை இறுக்கிப் பிடித்திருந்தன, உடம்பு முழுக்க உதறியது. உன் மனைவி வெளி வராந்தாவில் இருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடினாள். நான் செருப்போடு உள்ளே பாய்ந்தேன், சுவரோரம் மிளகாய் இடிக்கிற உலக்கை இருந்தது. தூக்கி உன் முழங்கைக்குக் கீழே ஓங்கி ஒன்று போட்டேன். கை விடுபட்டது, நீ தரையில் விழுந்தாய்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கரண்ட் உன்னை விட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாய். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே உலக்கையை மறுபடி தூக்கினேன். அந்த அறைக்காகவும் அந்தச் சிரிப்புக்காகவும் அதே கையில் இன்னொன்று போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் இரண்டாவதில்தான் கேட்டது. உன் மனைவி திரும்பி வந்தபோது நான் உன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அழுகை பொய்யில்லை, மச்சான். அடியும் பொய்யில்லை.

கை கோணலாகப் பொருந்தியது. ஓட்டோவின் ஆக்சிலேட்டரை முறுக்க மணிக்கட்டு திரும்பாது. தோளோடு சேர்த்துச் சாய்த்து முறுக்குவாய். பின்சீட்டில் இருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வேன். நீயோ ஏறுகிற ஆளிடமெல்லாம், "இவன் உலக்கையால அடிக்கலன்னா எனக்கு எப்பவோ திதி குடுத்திருப்பாங்க" என்பாய். ஒருவரும் கேட்காமலே சொல்வாய்.

மாவுக்கட்டுக் கையோடு நீ புதுக் கூண்டு செய்த அன்றைக்கு வாயைத் திறந்தேன். குழாயை நீ முழங்கால்களுக்கிடையில் இடுக்கியிருந்தாய், நான் ஆணியைச் சுட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். "ஓட்டை நெறையப் போடு. சூடு உள்ளுக்கே நின்னா கண்ணாடி வெடிச்சிரும்" என்றாய்.

"அன்னைக்கு நான் ஒன்ன..." என்று தொடங்கினேன்.

"பைப்பப் பிடி டா, சாயுது" என்று என் வாயை அடைத்துவிட்டாய். அதன்பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வருடம் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் உன் மனைவி என்னைக் காட்டி அந்தக் கதையைத்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னை அண்ணனாக வைத்து நானா என்று கூப்பிடுகிற அவள், சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும் நானா. ரெண்டாவது அடி விழுறப்ப அவருக்கு நெனவு இருந்துச்சு, கண்ண மூடிக்கிட்டுதான் கெடந்தாரு. ஆஸ்பத்திரியில வச்சே சொன்னாரு."

"அப்ப என்கிட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வெக்கத்துல நீங்க அப்புறம் வீட்டுப் பக்கமே வர மாட்டீங்கன்னாரு."

அடப்பாவி. சண்டைக்காரன், ஊரில் எல்லாரையும் அடித்தவன், அந்த இரண்டாவது அடிக்கு மட்டும் என்னைத் திருப்பி அடிக்காமல் போய்விட்டாயே. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போதும் கடைக்கு வருகிற உன் ஸ்டாண்ட் ஆட்கள், "அவன உலக்கையால அடிச்சுக் காப்பாத்துனது நீங்கதானே நானா" என்று கேட்கிறார்கள். இந்த வாரம் முழுக்க, ஒவ்வொருவரிடமும் இரண்டாவது அடியையும் சொன்னேன். ஏன் அடித்தேன் என்றும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நீ அவ்வளவு நன்றாகச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.