மாடியில் பிடித்த மேகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

பதறாதே, சின்ன விஷயம்தான். கம்பெனிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு கேமராவை மாட்டி, நெபுலா என்கிற விண்மேகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். தன் ஜன்னலைத்தான் எடுக்கிறேன் என்று எதிர்வீட்டம்மா காவலாளியோடு வந்துவிட்டார். கேமராவில் வெறும் இருட்டுதான் தெரிந்தது.

"இதுல என்னப்பா இருக்கு?" என்றார் காவலாளி.

மங்கிய ஒளி ஒன்றுசேர்ந்து தெரியட்டும் என்று, எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மெல்லச் சிவப்பாய் மேகம் துலங்கியது.

அந்தம்மா குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கொண்ணு அனுப்புப்பா" என்றார்.

ஆனால் புகார் அதற்குள் ஆபீசுக்குப் போய்விட்டது. நாளை மேலாளர் வரச்சொல்லியிருக்கிறார். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். அப்பாவிடம் மூச்சு விடாதே.

இதைப் படித்ததும் ஒருமுறை கூப்பிடு. எதுவும் பேசவேண்டாம், நீ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் போதும்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது, வேலைக்குக் கிளம்புகிறேன்.

உன் மகன்