மாத்திரை போடாத ரஹீம் பாய்

செப்டம்பர் 16, செவ்வாய்

கொல்கத்தாவின் கிடர்பூரில் கைவண்டி இழுக்கும் ரஹீம் பாய் இன்று எங்கள் பல் ஆராய்ச்சிக்குக் கடைசி சாம்பிள் கொடுக்க வந்தார். கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"ஆறு நாளா, தீதி. நீங்க சொன்னபடி ஒரு மாத்திரைகூடப் போடலை." என்னை அவர் தீதி, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சொன்னது நான்தான். ஆய்வு முடிகிறவரை ஆன்டிபயாடிக் கூடாது, கிருமிக் கணக்கு கெட்டுவிடும் என்று. வலி வந்தால் உடனே வரவேண்டும் என்பதும் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், இங்கிலீஷில். அவர் கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் கூட்டம் அதிகம். அதை நான் வாசித்துக் காட்டவில்லை.

என் ஆய்வுக்கு கைடாக இருக்கும் பேராசிரியரிடம் சொன்னேன். "நல்ல பேஷண்ட். எல்லாரும் இப்படி இருந்தா டேட்டா சுத்தமா இருக்கும்" என்றார். பெரிய யோக்கியமானவள் மாதிரி அவரை முறைத்துவிட்டு வந்தேன்.

ரஹீம் பாயை அவசரப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். வீட்டில் அதை மட்டும் சொன்னேன். "உனக்குப் புண்ணியம்டி" என்றாள் அம்மா.

கூட்டிப்போவதற்கு முன்னால், வாயே திறக்க முடியாத மனிதரை "கொஞ்சம் ஆ காட்டுங்க பாய்" என்று சொல்லி, பஞ்சுக்குச்சியை விட்டுச் சாம்பிள் எடுத்துக்கொண்டேன். அதற்கும் அவர் "ஷுக்ரியா, தீதி" என்று நன்றி சொன்னார்.